உன் கஃபே

மரக்காணம் உப்பளத்தில் பாஞ்சாலையிடம் "ஒருநாள் வீட்டுக்கு வரேன்" என்று வாய் தவறிக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த நொடியே "எந்த நாள்?" என்று கேட்பாள். சிரித்து மழுப்ப முடியாது. "பாக்கலாங்க்கா" என்று நழுவப் பார்த்தால், "பாக்கறதுக்கு என்னா இருக்குது? புதனா, ஞாயிறா, அத்த சொல்லு" என்று நிற்பாள். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். வரிசையில் நின்றவளிடம் ஒரு பேச்சுக்கு, "உங்க வீட்டு நண்டுக் குழம்பு பேமஸாமே, ஒருநாள் வரணும்" என்று சொல்லி வைத்தார். அடுத்த புதன்கிழமை மத்தியானம் பெண்டாட்டியோடு பாஞ்சாலை வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். நன்றாகச் சாப்பிட்டார் என்பதும் உண்மைதான்.

சுனாமி வந்த சமயத்தில் பாஞ்சாலைக்கு நாற்பத்து நான்கு வயது. இருபத்தைந்து வருஷமாக உப்பு வாருகிறாள். விடியுமுன் பாத்தியில் இறங்கினால் பன்னிரண்டு மணிக்கு மேல்தான் கரையேறுவாள். இரண்டு வரப்பு தள்ளி நிற்கிறவர்களுக்கும் கேட்கிற குரல். அவளோடு வேலை செய்கிற பதினோரு பெண்களுக்கும் யாரும் நியமிக்காத தலைவி அவள்தான். புருஷன் இருசப்பன் உப்பு லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அவளே பேசிவிடுவதால் அவருக்குப் பெரிதாகப் பேசும் வேலை இல்லை.

கடல் பொங்கி வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை அளத்தில் வேலை தொடங்கியிருக்கவில்லை. மழை முடிந்து பாத்தி காயாத நேரம். அதனால் உப்புக்காரர்கள் தப்பினார்கள். மீனவர் குப்பத்துப் பக்கம் போன உயிர்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் பாஞ்சாலை எழுந்து போய்விடுவாள். அளத்தில் சேறு ஏறிப் பாதிப் பாத்திகள் கறுத்துக் கிடந்தன. அதை வழித்து எடுத்து மறுபடி உப்பு விளைவதற்குள் சித்திரை வந்துவிட்டது.

அந்த 2005ஆம் வருஷம் முழுக்க ஊருக்குள் நிவாரணக்காரர்களின் கார்களாக வந்துகொண்டிருந்தன. வந்தவர்களில் ஒரு கூட்டம் ஸ்பெயின் நாட்டுக்காரர்கள். நான்கு பேர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். அதில் நூரியா என்று ஒரு இன்ஜினியர் பெண். முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதிருக்கும். ஆம்பிளைச் சட்டையும் ஓலைத்தொப்பியும் போட்டுக்கொண்டு, மூக்கில் வெள்ளையாக ஏதோ கிரீமைப் பூசிக்கொண்டு வருவாள். உப்பளத்துப் பெண்களுக்கு நிழலுக்கு ஒரு கொட்டகையும் பக்கத்தில் கக்கூசும் கட்டித் தருவது அவள் பொறுப்பு.

அளத்தைப் பார்க்க வருகிற ஆபீசர்கள் எல்லோரும் வரப்பில் ஒருமுறையாவது வழுக்கி விழுவார்கள். பெண்கள் அதற்காகவே காத்திருப்பார்கள். நூரியா வழுக்கவில்லை. குதிகாலைக் கொஞ்சம் சாய்த்து ஊன்றி நிதானமாக நடந்து வந்தாள்.

"இவ உப்பு மேல நடந்து பழகினவடி" என்றாள் பாஞ்சாலை, பக்கத்தில் நின்ற சவரியம்மாளிடம்.

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. நூரியாவின் ஊரும் கடலோரம்தான், அங்கேயும் உப்பளம் உண்டு, அவளுடைய மாமன் ஒருவர் உப்பு வாருகிறவர் என்று டிரைவர் செல்லப்பன் சொன்னான். செல்லப்பன் குயிலாப்பாளையத்துக்காரன். அங்கே ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த ஸ்பெயின் நாட்டுத் தம்பதிக்கு ஆறு வருஷம் வண்டி ஓட்டியவன். அந்தப் பாஷை அவனுக்குப் பாதி வரும். வராத பாதியை இங்கிலீஷிலும், அதுவும் வராததைத் தன் சொந்தக் கற்பனையிலும் நிரப்பிக்கொள்வான்.

அன்றைக்கு நூரியா நோட்டோடு நின்று, "உங்களுக்கு என்ன வேண்டும்? கொட்டகை எங்கே வேண்டும்?" என்று கேட்டாள். மேஸ்திரி பச்சமுத்து குடையோடு பக்கத்திலேயே நின்றார். கொட்டகையை அளத்து ஆபீசுக்குப் பக்கத்தில் போட்டால்தான் கண் பார்வையில் இருக்கும் என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆகவே பெண்கள் எல்லோரும், எல்லாம் நல்லாத்தான் இருக்குது என்று சொன்னார்கள். பாஞ்சாலைகூட "நெழலு இருந்தா போதும்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். நூரியா எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது பாஞ்சாலையின் தோளைத் தொட்டு, சிரித்து, தன் பாஷையில் ஏதோ சொன்னாள். அதில் "உன் தீயா" என்று ஒன்றும் "உன் கஃபே" என்று ஒன்றும் பாஞ்சாலையின் காதில் தெளிவாக விழுந்தது.

"உன் தீயாவா? திரௌபதையம்மன் கோயில் தீமிதி எப்பன்னு கேக்குறாங்களாப்பா?"

"இல்லக்கா. தீயான்னா நாளு. ஒருநாள் காபி குடிக்கலாம்னு சொல்றாங்க."

"அதான் 'உன் கஃபே'ன்னு தமிழ்லயே சொன்னாங்களே! உன் காபிய குடிக்கணும்னு." பாஞ்சாலையின் முகம் மலர்ந்தது. "எந்த நாளுன்னு கேளு."

செல்லப்பன் தலையைச் சொறிந்தான். அவர்கள் பாஷையில் "உன்" என்றால் "ஒரு" என்று அர்த்தம், இது சும்மா கிளம்பும்போது சொல்கிற பேச்சு என்று விளக்க வேண்டும். வெயிலோ கொளுத்துகிறது. நூரியா வண்டியில் ஏறிவிட்டாள். "ஞாயித்துக்கெழம" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடிப் போனான்.

பாஞ்சாலை வீட்டில் காபி கிடையாது. காலையில் நீராகாரம், சாயங்காலம் டீத்தூள் போட்டுக் கொதிக்க வைத்த டீ, அவ்வளவுதான். ஆனால் சவரியம்மாள் கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தவள். அந்த வீட்டு அம்மா கொடுத்த பில்டர் ஒன்று அவளிடம் இருந்தது. சனிக்கிழமையே ஒத்திகை பார்த்தார்கள். டிகாஷன் இறங்கியது. பாலில் ஊற்றியதும் திரிந்து திப்பி திப்பியாக நின்றது.

"தண்ணிதான்" என்றாள் சவரியம்மாள். "நம்ம கெணத்துல உப்பு. காபிக்கு ஆவாது."

இருசப்பன் எழுந்து போய், பெருமுக்கல் பக்கம் போகிற லாரிக்காரரிடம் இரண்டு குடத்தைக் கொடுத்தனுப்பினார். ஞாயிறு காலை நல்ல தண்ணீர் வந்து சேர்ந்தது. சவரியம்மாள் வீட்டுப் பசும்பால். தெருவில் இரவல் வாங்கிய பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு. பாஞ்சாலை தலை குளித்துப் பூ வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். மூன்று மணியிலிருந்து தெருவே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்கானது. ஐந்தானது. பால் இரண்டு தடவை ஆடை கட்டியது. ஆறு மணிக்கு இருசப்பன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அந்தக் காபியைப் பாஞ்சாலையும் அவரும் சவரியம்மாளும் ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துத் தீர்த்தார்கள்.

"வெள்ளக்காரங்க அப்பிடித்தான்" என்றாள் சவரியம்மாள்.

"எந்த நாட்டுக்காரங்களா இருந்தா என்னா? வரேன்னா வரணும்" என்றாள் பாஞ்சாலை. அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். தெரு முழுக்கப் பார்த்துவிட்டதே.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராக அந்த மாடி வீட்டுக்கு நடந்தாள். செல்லப்பன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் வண்டிக்கு அந்தப் பக்கம் போய்க் குனிந்தான்.

"டயரப் பாத்தது போதும், எந்திரி" என்றாள் பாஞ்சாலை. "நேத்து ஏம்பா வரல?"

செல்லப்பன் எழுந்தான். நல்ல மனுஷன்தான் அவன். பொய் சொல்லி அதைக் காப்பாற்றுகிற சாமர்த்தியம் மட்டும் கிடையாது. "அவங்களுக்குத் தெரியவே தெரியாதுக்கா. ஞாயித்துக்கெழமன்னு நான்தான் சொன்னேன். தப்புதான்."

"அப்ப அவங்க காபி குடிக்கலாம்னு சொல்லவே இல்லயா?"

"சொன்னாங்க. ஆனா அது சும்மா. நாம போயிட்டு வரேன்னு சொல்றோம் இல்ல? அந்த மாதிரி. ஒருநாள் காபி குடிக்கலாம்னா, உன்னப் புடிச்சிருக்குது, மறுபடி பாக்கலாம்னு அர்த்தம். அதுக்கு மேல எதுவும் இல்ல."

பாஞ்சாலை படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். "சரி, அவங்க ஊர்ல நெசமா கூப்புடணும்னா எப்பிடிக் கூப்புடுவாங்க? மொத்தத்தையும் சொல்லு. எனக்கு வேல முடிஞ்சிருச்சு."

செல்லப்பனுக்குத் தப்பித்த நிம்மதி. குயிலாப்பாளையத்தில் ஆறு வருஷம் பார்த்ததையெல்லாம் கொட்டினான். வீட்டுக்குக் கூப்பிடுவது அவர்களிடம் கம்மி, கடைக்குத்தான் கூப்பிடுவார்கள். வாங்க காபி குடிக்கலாம் என்றால் வாங்க பேசலாம் என்று பொருள். காபி ஒரு மடக்குக்கு மேல் இருக்காது. அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள்.

"ஒரு மொடக்குக்கு ரெண்டு மணி நேரமா? ஆறிப் போவாது?"

"ஆறிப் போனாலும் குடிப்பாங்க. அவசரமே படமாட்டாங்க. இன்னொண்ணு, 'தே இன்பீத்தோ'ன்னு ஒருத்தர் சொல்லிட்டா அவர்தான் காசு குடுக்கணும். நான் உன்னக் கூப்புடறேன், செலவு என்னுதுன்னு அர்த்தம். ஆனா கூட வந்தவங்க அத உடமாட்டாங்க. நான் குடுக்கறேன், நீ குடுக்காதன்னு கடைக்காரர் முன்னாடி ஒரே சண்ட."

"பஸ்ல டிக்கெட் எடுக்கற மாதிரி."

"அதேதாங்க்கா! நெசமா கூப்புடறவங்க கெழமையும் மணியும் சேத்து சொல்லிருவாங்க. கெழம சொல்லலன்னா கூப்புடலன்னு அர்த்தம்."

பாஞ்சாலை இடுப்பில் கை வைத்தாள். "நான் என்னா கேட்டேன்? கெழமதான கேட்டேன்? எல்லாரும் என்னவோ நான்தான் விவஸ்த இல்லாம கேக்கறேன்னு சிரிக்கறீங்க. இனிமே நானே கூப்புடறேன். அவங்க பாஷயில சொல்லிக் குடு."

முதல் வாக்கியம் அவளுக்குச் சுலபமாக வந்தது. "தே இன்பீத்தோ அ உன் கஃபே." நடுவில் இன்பம் மாதிரி வருவதால் மறக்காது என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு "எல் தொமிங்கோ". ஐந்து மணிக்கு "அ லாஸ் சிங்கோ". என் வீட்டில் என்பதற்கு "என் மி காசா" என்று சொன்னபோது ஒரு தடங்கல் வந்தது.

"காசா? நான் காசே கேக்கலியே!"

"காசான்னா வீடுக்கா."

"என்னா பாஷப்பா இது. 'உன்'னு நம்மளுது, 'என்'னு நம்மளுது, நடுவுல வீட்டக் கொண்டாந்து காசாக்கிட்டாங்க."

மறுநாள் பாத்தியில் உப்பு வாரும் பலகையை இழுக்கும் தாளத்துக்கே பாடம் ஓடியது. இழுக்கும்போது தே இன்பீத்தோ. தள்ளும்போது உன் கஃபே. தொமிங்கோ மட்டும் நழுவிக்கொண்டே இருந்தது. "எங்க சர்ச்சுல தொம்னிக்குன்னு ஒரு புனிதர் இருக்காரு, அவர நெனச்சுக்கோ" என்றாள் சவரியம்மாள். அது வேலை செய்தது. கேட்டுக் கேட்டு மற்ற பெண்களுக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. கூடை தூக்கிவிட ஆள் வேண்டுமென்றால்கூட "ஏய், தே இன்பீத்தோ, இங்க வா" என்று கூப்பிடத் தொடங்கினார்கள். மேஸ்திரி பச்சமுத்து, தன்னைத்தான் ஏதோ பட்டப்பெயர் வைத்துத் திட்டுகிறார்கள் என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டே திரிந்தார்.

வியாழக்கிழமை நூரியா ஆபீசுக்குப் பக்கத்தில் டேப் வைத்துத் தரையை அளந்துகொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் பாஞ்சாலை பாத்தியிலிருந்து ஏறி, காலில் உப்புப் பூத்திருக்க, நேரே போய் எதிரில் நின்றாள். பின்னால் சவரியம்மாளும் இன்னும் நான்கைந்து பேரும். பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகி, மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷத்தில் முதலாளியிடம் பேசும்போதுகூட இப்படி ஒத்திகை பார்த்ததில்லை.

"தே இன்பீத்தோ அ உன் கஃபே" என்றாள். மூச்சு வாங்கினாள். "என் மி காசா. எல்... எல்..."

"தொம்னிக்கு!" என்று பின்னாலிருந்து சவரியம்மாள் எடுத்துக் கொடுத்தாள்.

"எல் தொமிங்கோ! அ லாஸ் சிங்கோ!" மணி ஐந்து என்பதில் சந்தேகம் வேண்டாம் என்று ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

நூரியாவின் கையிலிருந்த டேப் சர்ரென்று சுருட்டிக்கொண்டு பெட்டிக்குள் போனது. தொப்பியைக் கழற்றினாள். ஏதோ படபடவென்று பொரிந்தாள்.

"என்னாப்பா சொல்றாங்க?"

"நீங்க எதுக்கு செலவு பண்றீங்க, நான்தான் உங்களக் கூப்புடுவேன், கடைக்குப் போலாம், எல்லாரும் வாங்கங்கறாங்க" என்றான் செல்லப்பன். "சொன்னேன்ல? அந்த சண்டதான்."

பஸ் டிக்கெட் சண்டையில் பாஞ்சாலை ஊரில் யாரிடமும் தோற்றதில்லை. நூரியாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதே வாக்கியத்தை முதலிலிருந்து, இரண்டு மடங்கு சத்தத்தில் சொன்னாள். தொமிங்கோ வரும் இடத்தில் பின்னால் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்து கத்தினார்கள். நூரியா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, சரி என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு வண்டி வரவில்லை. ஐந்தே காலுக்கும் வரவில்லை. இரவல் நாற்காலியைக் கொடுத்த வீட்டுக்காரி வேலியோரம் வந்து, "வருவாங்களா, இல்ல போன வாரம் மாதிரியா?" என்று விசாரித்தாள். பாஞ்சாலை பாலை இறக்கி வைக்க உள்ளே போனாள். ஐந்தரைக்குத்தான் வண்டி தெருவில் திரும்பியது. அவர்களுக்கு ஐந்து மணி என்றால் ஐந்தரை, அதைச் சொல்ல மறந்துவிட்டேன் என்றான் செல்லப்பன் இறங்கும்போதே.

நூரியா சுடிதார் போட்டிருந்தாள். கையில் பஜாரில் வாங்கிய ஜாங்கிரிப் பெட்டி. வந்த வேகத்தில் பாஞ்சாலையின் இரண்டு தோளையும் பிடித்து வலது கன்னத்தில் ஒரு முத்தம், இடது கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். தெருவே "ஆ" என்றது. அடுத்து சவரியம்மாளுக்கும் இரண்டு கிடைத்தது. முறை தன் பக்கம் வருவதைப் பார்த்த இருசப்பன் சட்டென்று சைக்கிளைக் குறுக்கே நிறுத்தி அதற்குப் பின்னால் கும்பிட்டபடி நின்றுகொண்டார். நூரியாவும் கும்பிட்டாள்.

சவரியம்மாள் காபியை ஒரு முழம் உயரத்திலிருந்து நுரை பொங்க ஆற்றியபோது நூரியா கை தட்டினாள். உதட்டில் வைத்து உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். செல்லப்பன் மொழிபெயர்க்கவே தேவையில்லாத முகம் அது. ஆனால் டம்ளர் பாதிக்கு வந்ததும் பாஞ்சாலை நிரப்பினாள். "நோ, நோ" என்றாள் நூரியா. வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதுதானே விருந்தாளிக்கு மரியாதை? பாஞ்சாலை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். நூரியாவின் ஊரிலோ, கொடுத்ததை மிச்சம் வைத்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவள் குடித்து முடித்தாள். காலியான டம்ளரைப் பார்த்துக்கொண்டு பாஞ்சாலையால் சும்மா இருக்க முடியவில்லை. இப்படியே நான்காவது டம்ளர் வந்தபோதுதான், "கையால மூடிருங்க, அப்பத்தான் நிறுத்துவாங்க" என்று செல்லப்பன் இங்கிலீஷில் கிசுகிசுத்தான். அன்று ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை என்று நூரியா மறுநாள் சொல்லிச் சிரித்தாள்.

அரைமணி நேரம் ஆனதும், இனிமேல் பார்க்க ஒன்றுமில்லை என்று தெரு கலைந்தது. பாஞ்சாலைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. காபி கொடுத்தாயிற்று. வழக்கமாக இந்த இடத்தில் விருந்தாளி எழுந்து கும்பிடுவார். நூரியாவோ செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி இன்னும் நன்றாக உட்கார்ந்துகொண்டாள். இரண்டு மணி நேரம் என்று செல்லப்பன் சொன்னது அப்போதுதான் பாஞ்சாலைக்கு நினைவு வந்தது. சரி, இதுவும் ஒரு மரியாதைதான் என்று அவளும் நாற்காலியை விட்டுத் தரைக்கு இறங்கிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். பகல் வெளிச்சத்தில் கையில் ஒரு வேலையும் இல்லாமல் இப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று அவளுக்கே தெரியவில்லை.

நூரியா தன் மாமனைப் பற்றிச் சொன்னாள். உப்பு வெளிச்சம் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் மங்கிவிட்டது, இப்போதும் பிடிவாதமாக அளத்துக்குப் போகிறார் என்றாள். பாஞ்சாலை தன் கால் வெடிப்பைக் காட்டினாள். மாமனுக்கும் அதே இடத்தில் இருக்கிறது என்று நூரியா தன் குதிகாலைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம், கொட்டகை அடுத்த மாசம் ஆரம்பித்துவிடும், சந்தோஷமா என்று கேட்டாள்.

பாஞ்சாலை சவரியம்மாளைப் பார்த்தாள். சவரியம்மாள் தலையை லேசாக அசைத்தாள்.

"அது அந்த எடத்துல வேணாம்" என்றாள் பாஞ்சாலை. "அன்னிக்கு மேஸ்திரி பக்கத்துல இருந்தாரு. சொல்ல முடியல."

காலி டம்ளரை எடுத்து வைத்தாள். "இது ஆபீசு." ஒரு சாண் தள்ளித் தட்டை வைத்தாள். "இதான் நாங்க நிக்கற பாத்தி." தட்டை ஒட்டி பில்டரை வைத்தாள். "இது தண்ணி எறைக்கற பம்புசெட்டு. ஒம்போது மணிக்கு இருவது நிமிஷம் வுடுவாங்க. ஆபீசு வரைக்கும் நடக்கப் பத்து நிமிஷம். திரும்பி வரப் பத்து நிமிஷம். ஒக்கார்றது எப்ப? கொட்டாய் இங்க வரணும்." விரலால் பில்டருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டாள்.

செல்லப்பன் இதை மொழிபெயர்க்கும்போது அதில் முதல்முறையாகக் கற்பனை எதுவும் கலக்கவில்லை. நூரியா குனிந்து டம்ளரையும் தட்டையும் பார்த்தபடியே இருந்தாள்.

"செல்லப்பா, நீ போயி வண்டியப் பாரு" என்றாள் பாஞ்சாலை.

"வண்டிக்கு என்னாக்கா?"

"போய்யான்னா போய்யா."

அவன் போனதும் இரண்டு பெண்களுமாக மீதியைச் சொன்னார்கள். பாஷை இல்லை. விடியற்காலைக்கு வானத்தைக் காட்டினாள் பாஞ்சாலை, மத்தியானத்துக்கு உச்சியைக் காட்டினாள். சவரியம்மாள் தண்ணீர்ச் சொம்பை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல், மூடி வைத்தாள். அடிவயிற்றில் கை வைத்து முகத்தைச் சுளித்தாள். மறைவுக்கு ஒதுங்க ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளியில் ஏழு மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்பதை, அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதை, எந்த நாட்டுப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. நூரியாவின் முகம் கழுத்து வரை சிவந்தது. பில்டருக்குப் பக்கத்தில் பாஞ்சாலை போட்ட வட்டத்தைத் தன் விரலால் ஒருமுறை தானும் போட்டாள்.

ஏழரை மணிக்குத்தான் எழுந்தாள். ஜாங்கிரிப் பெட்டி காலி. இருசப்பன் சைக்கிளுக்குப் பின்னாலிருந்தே நான்கு சாப்பிட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நூரியா பாத்தியோரம் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். விசில் அடித்ததும் பெண்களோடு ஆபீஸ் வரைக்கும் நடந்தாள். ஆபீஸ் சுவரைத் தொட்டுவிட்டு அவர்களோடு திரும்பி நடந்தாள். வந்து சேர்ந்தபோது மறுவிசில் அடித்தது. நோட்டில் எழுதினாள். செவ்வாய்க்கிழமையும் அப்படியே நடந்தாள். புதன்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அளத்து முதலாளியைப் பார்க்கப் போனாள். பம்புசெட்டு மேடு எதற்கும் ஆகாத இடம்தான், அங்கேயே கட்டிக்கொள்ளட்டும் என்றார் அவர். கண் பார்வையில் இருக்காதே என்று பாத்தியோரம் வந்து புலம்பினார் மேஸ்திரி. "நீங்க கண்ணாடி போட்டுக்குங்க மேஸ்திரி" என்று பாத்தியிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை, எல்லோரும் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. செங்கல் வந்தது, மணல் வரவில்லை. மணல் வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷம் கார்த்திகையில் கழிவெளி ஏரி நிரம்பி அளமும் ரோடும் ஒன்றாகக் கிடந்தது. பொங்கல் கழிந்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது. அதற்குள் பாஞ்சாலை வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காபி ஏழெட்டு தடவை ஆகியிருந்தது. நூரியா டம்ளரைக் கையால் மூடக் கற்றுக்கொண்டிருந்தாள். பாஞ்சாலை மூன்று தடவைக்கு மேல் வற்புறுத்துவதை நிறுத்தியிருந்தாள், இரண்டோடு நிறுத்த அவளால் முடியவில்லை. நடுவில் ஒருமுறை நூரியா அவளையும் சவரியம்மாளையும் ரோட்டோரக் கடைக்குக் கூட்டிப் போய் உள்ளே பெஞ்சில் உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுத்தாள். உப்பளத்துப் பெண்கள் அந்தக் கடையில் அதுவரை வெளியே நின்றுதான் டீ குடித்திருக்கிறார்கள். உட்கார்ந்து குடித்ததில் ருசி ஒன்றும் கூடவில்லை, பில்டர் காபிக்கு முன்னால் அது வெந்நீர் என்று சவரியம்மாள் கடைக்காரர் காதுபடவே சொல்லிவிட்டு வந்தாள்.

கொட்டகை பிப்ரவரி மாசம் முடிந்தது. கருங்கல் தூண், ஓட்டுக் கூரை, நடுவில் சிமெண்டுத் தரை, பின்பக்கம் கதவு தாழ்ப்பாளோடு மூன்று கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி. பாத்தியிலிருந்து நாற்பது எட்டு நடைதான். நூரியா அடுத்த வாரமே ஊருக்குப் போனாள். போன அன்று வேலை நாள். வண்டி ரோட்டில் நின்றது, அவள் இறங்கி வரப்பு வழியாக வந்து ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டாள். பாஞ்சாலை அழக் கூடாதென்று இருந்து, அழுது, உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது என்று சொன்னாள். ஏழு மணிக்கெல்லாம் வண்டி போய்விட்டது. ஒன்பது மணி வரைக்கும் உப்பு வாரினார்கள்.

விசில் அடித்ததும் கொட்டகைக்குப் போனார்கள். பெருமுக்கல் ரோட்டுப் பக்கத்திலிருந்து மேய வந்த ஆடுகள் பத்துப் பதினைந்து அவர்களுக்கு முன்னால் நிழலைக் கண்டுபிடித்து நடுத்தரையில் படுத்திருந்தன. அவற்றை விரட்டி, புழுக்கையைக் கூட்டித் தள்ளுவதற்குள் ஐந்து நிமிஷம் போய்விட்டது. தடுப்பு ஒன்று வேண்டும் என்றாள் சவரியம்மாள். மூங்கில் கிடைக்கும், என் வீட்டுக்காரரைக் கட்டச் சொல்றேன் என்றாள் பாஞ்சாலை. அப்புறம் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்து, குளிர்ந்த சிமெண்டில் நீட்டிப் படுத்தாள். மீதிப் பதினைந்து நிமிஷமும் அவள் குறட்டைச் சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது என்று மேஸ்திரி சொன்னார். அது பொய். ஆபீஸ் அவ்வளவு கிட்டத்தில் இல்லை.